பழைய கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் ஏற்றும்போது மெமரி பிழையா? ராம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய கணினியில் ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் என்று ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்யப் போய், பாதியில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று நின்றுவிட்டால், எல்லோரும் முதலில் சொல்வது “ராம் பத்தலை, இன்னொரு ஸ்டிக் போடு” என்பதுதான். சில நேரம் அது சரிதான். ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பாலும் இருக்கிற ராமே போதும், டேட்டாபேஸ் கிளம்பும்போதே தனக்கென்று ஒதுக்கச் சொல்லும் அளவுதான் அந்தக் கணினிக்கு அதிகம். அதைக் குறைத்தால் வேலை முடிந்தது. இன்னும் சில நேரம் பிழைக்கும் ராமுக்கும் சம்பந்தமே இருக்காது. எந்த இடத்தில் மெமரி கிடைக்காமல் போனது என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் கை வைத்தால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

முதலில் கணினியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘மை கம்ப்யூட்டர்’ மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், விண்டோஸ் 7 என்றால் ராம் அளவும் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒரே பக்கத்தில் இருக்கும். அங்கே ‘4.00 ஜிபி’ என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ‘2.96 ஜிபி யூசபிள்’ என்பது போல ஒரு எண் இருந்தால் பயப்பட வேண்டாம், ராம் கெட்டுப் போகவில்லை. 32 பிட் விண்டோஸால் மொத்தம் 4 ஜிபி முகவரிகளைத்தான் எண்ண முடியும், அதிலும் ஒரு பகுதியை கிராஃபிக்ஸ் முதலான சாதனங்கள் எடுத்துக்கொள்ளும், மீதிதான் நமக்கு. ஆகவே 32 பிட் விண்டோஸ் 7 ஓடும் கணினியில் 4 ஜிபிக்கு மேல் ராம் போடுவது வீண் செலவு. ஸ்டார்ட்டர் பதிப்பு என்றால் 2 ஜிபியோடு சரி. அதோடு, 32 பிட்டில் எந்த ஒரு புரோகிராமுக்கும் வழக்கமாக 2 ஜிபி முகவரி இடம்தான் கிடைக்கும். டாஸ்க் மேனேஜரில் ராம் காலியாகத் தெரிந்தும் ‘மெமரி இல்லை’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, பிழை எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செட்டப்பை டபுள் கிளிக் செய்ததுமே வந்ததா? ‘தேவைகளைச் சரிபார்க்கிறேன்’ என்று ஒரு பட்டியல் ஓடுமே, அங்கே நின்றதா? ஃபைல்கள் எல்லாம் காப்பி ஆகி, டேட்டாபேஸை உருவாக்கும்போதோ சர்வீஸை (பின்னணியில் ஓடும் டேட்டாபேஸ் புரோகிராமை) கிளப்பும்போதோ வந்ததா? இல்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? நான்குக்கும் வைத்தியம் வேறு.

தேவைப் பட்டியலில் நிற்கிறது என்றால்

இது இருப்பதிலேயே எளிது. ஆரக்கிள் 11ஜி ஆர்2 விண்டோஸில் குறைந்தது 1 ஜிபி ராம் கேட்கும். உங்கள் கணினியில் 1 ஜிபி ஸ்டிக்தான் இருக்கிறது, ஆனால் மதர்போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதிலிருந்து 64 அல்லது 128 எம்பியைத் தனக்கென்று எடுத்துவிடும், செட்டப் பார்க்கும்போது 1 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், உடனே ‘ஃபெயில்டு’ என்று போட்டுவிடும். பயாஸுக்குள் (கணினி கிளம்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் கிராஃபிக்ஸுக்குப் பகிரும் மெமரி அளவை 32 எம்பிக்குக் குறைக்கலாம். இல்லையென்றால் அந்தப் பக்கத்திலேயே ‘இக்னோர் ஆல்’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், அதைப் போட்டுவிட்டு மேலே போகலாம். சில பத்து எம்பி குறைந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் 512 எம்பி வைத்துக்கொண்டு இக்னோர் போட்டால், செட்டப் தாண்டிவிடும், டேட்டாபேஸ் உருவாக்கும் இடத்தில் நின்றுவிடும், இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

அதே பட்டியலில் வெர்ச்சுவல் மெமரி பற்றியும் ஒரு வரி வரும். ராம் போதாதபோது விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் ராம் போலப் பயன்படுத்தும் இடம் அது, அதற்கான ஃபைல்தான் பேஜ் ஃபைல். ‘கணினியை வேகமாக்க’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை மொத்தமாக நிறுத்தி வைத்திருப்பவர்கள் நிறைய. ராம் குறைவான கணினியில் அதைச் செய்யவே கூடாது. கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு என்று உள்ளே போனால் வெர்ச்சுவல் மெமரி இருக்கும். அந்த 11ஜிக்கு ஆரக்கிள் சொல்வது ராமைப் போல் இரண்டு மடங்கு. 1 ஜிபி ராமுக்கு 2048 எம்பி என்று தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டிலும் போட்டுவிடுங்கள். சி டிரைவில் இடமில்லை என்றால் டி டிரைவுக்கு மாற்றலாம். மாற்றியபின் ரீஸ்டார்ட் செய்ய மறக்க வேண்டாம்.

டபுள் கிளிக் செய்ததுமே விழுகிறது என்றால்

ஆரக்கிளின் செட்டப் ஜாவாவில் எழுதப்பட்டது. ஆகவே இந்தக் கட்டத்தில் வரும் பிழை பெரும்பாலும் டேட்டாபேஸுடையது இல்லை, ஜாவாவுடையது. இங்கே இரண்டு செய்திகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் செய்ய வேண்டியது நேர் எதிர்.

‘ஜாவா ஹீப் ஸ்பேஸ்’ என்ற சொற்களோடு ‘அவுட் ஆஃப் மெமரி எரர்’ வந்தால், ஜாவா தன் வேலைக்கு ஒதுக்கிக்கொள்ளும் மெமரியின் (அதுதான் ஹீப்) அளவு போதவில்லை, கூட்ட வேண்டும். ஆரக்கிள் செட்டப்பின் இன்ஸ்டால் ஃபோல்டரில் ‘ஓராபாரம்’ என்ற ஐஎன்ஐ ஃபைல் (அமைப்புகளை எழுதிவைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) இருக்கும். அதில் ஜேஆர்இ மெமரி ஆப்ஷன்ஸ் என்ற வரியில் எம்எக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் அந்த அளவு. அதை 256 ஆக்கிப் பாருங்கள். சிடியிலிருந்து நேராக ஓட்டினால் மாற்ற முடியாது, ஹார்டு டிஸ்குக்கு காப்பி செய்துகொண்டு அங்கிருந்து ஓட்டுங்கள்.

‘குட் நாட் ரிசர்வ் இனஃப் ஸ்பேஸ் ஃபார் ஆப்ஜெக்ட் ஹீப்’ என்று வந்தால் கதையே வேறு. ஜாவா தன் ஹீப்பை ஒரே தொடர்ச்சியான இடமாகக் கேட்கும். கல்யாணப் பந்தியில் அங்கங்கே இருபது இலை காலியாக இருக்கும், ஆனால் எட்டுப் பேர் குடும்பமாகச் சேர்ந்து உட்கார ஒரு வரிசை கிடைக்காது, அந்த மாதிரி. 32 பிட் முகவரி இடத்துக்குள் விண்டோஸின் டிஎல்எல்களும் (புரோகிராம்கள் பயன்படுத்தும் துணை ஃபைல்கள்), ஆன்ட்டிவைரஸ் நுழைத்த டிஎல்எல்களும் நடுநடுவே உட்கார்ந்திருக்கும். இங்கே ஹீப் அளவைக் குறைத்தால்தான் செட்டப் கிளம்பும், கூட்டினால் நிலைமை இன்னும் மோசம். கூடவே, புரோகிராம்களுக்கெல்லாம் பொதுவாக விண்டோஸ் வைத்திருக்கும் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பட்டியலையும் பாருங்கள். அடிக்கோட்டில் தொடங்கும் ‘ஜாவா ஆப்ஷன்ஸ்’ என்ற பெயரில், வேறு ஏதோ மென்பொருளுக்காக முன்பு யாரோ 1024 எம்பி, 1500 எம்பி என்று எழுதிவைத்தது அப்படியே கிடக்கும்; அந்தக் கணினியில் ஓடும் எல்லா ஜாவா புரோகிராமும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். கமாண்ட் விண்டோவிலிருந்து செட்டப்பை ஓட்டினால் முதல் வரியிலேயே ‘பிக்டு அப்’ என்று தொடங்கி அந்த அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பென்டியம் 4 கணினியில் ஆரக்கிளின் ‘8ஐ’ என்ற பழைய பதிப்பை ஏற்றப் பார்த்து, செட்டப் எந்தப் பிழையும் சொல்லாமல் மறைந்துவிடுகிறது என்றால் அது மெமரியே இல்லை. அந்த செட்டப்போடு வரும் சிம்சிஜேஐடி என்ற டிஎல்எல் பென்டியம் 4-இல் ஓடாது. சிடியை ஹார்டு டிஸ்குக்கு காப்பி செய்து, அந்த டிஎல்எல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பெயரை மாற்றிவிட்டால் ஓடிவிடும். இந்தக் காலத்தில் யாருக்கு அந்த ‘8ஐ’ பதிப்பு என்று கேட்கலாம். பழைய கணக்கு மென்பொருளை நம்பி இருக்கிற இடங்களுக்குத்தான்.

டேட்டாபேஸ் உருவாக்கும்போது, சர்வீஸ் கிளம்பும்போது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் கிளம்பும்போது ஒரு பெரிய துண்டு மெமரியை ஒதுக்கச் சொல்லும். அது கிடைக்கவில்லை என்றால் சர்வீஸ் நின்றுவிடும். திரையில் வரும் செய்தி பெரும்பாலும் ‘சர்வீஸ் கிளம்பவில்லை’ என்ற அளவில்தான் இருக்கும், உண்மை லாக் ஃபைலில் இருக்கும். லாக்கைப் படிக்காமல் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்வதால் எதுவும் மாறாது.

ஆரக்கிளில் ஓரா-27102 என்ற பிழை வந்தால் கேட்ட மெமரியை விண்டோஸ் தரவில்லை என்று பொருள். டேட்டாபேஸ் உருவாக்கும் அசிஸ்டென்ட் வழக்கமாக மொத்த ராமில் 40 சதவீதத்தை எடுத்துவைக்கும். 1 ஜிபி கணினியில் விண்டோஸும் ஆன்ட்டிவைரஸுமே பாதிக்கு மேல் தின்றிருக்கும்போது 400 எம்பிக்கு எங்கே போவது? மெமரி பக்கத்தில் அந்த அளவை இழுத்துக் குறையுங்கள். ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகி, அப்புறம் கிளம்ப மறுத்தால், எஸ்க்யூஎல் பிளஸ் என்ற ஆரக்கிளின் கட்டளைத் திரையில் சிஸ்டிபிஏவாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) நுழைந்து, ‘கிரியேட் பிஃபைல் ஃப்ரம் எஸ்பிஃபைல்’ கட்டளையைக் கொடுங்கள். டேட்டாபேஸ் ஓடாதபோதும் இது வேலை செய்யும். ஆரக்கிள் ஹோமில் டேட்டாபேஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்ஐடி என்று தொடங்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று உருவாகும், அதுதான் பிஃபைல். ஆரக்கிள் தன் அமைப்புகளை வைத்திருக்கும் எஸ்பிஃபைலை மட்டும் நேராக நோட்பேடில் திறந்து திருத்தாதீர்கள், அது பைனரி ஃபைல், சேமித்ததும் கெட்டுப்போகும். டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தால் மேலே சில வரிகளில் பெயருக்கு முன் இரண்டு அடிக்கோடுகள் இருக்கும். ஆரக்கிள் முன்பு தானாகப் பிரித்துவைத்த அளவுகள் அவை. அவற்றை அழித்துவிட்டு ‘மெமரி டார்கெட்’ எண்ணைக் குறையுங்கள். ரொம்பக் குறைத்துவிட்டால் ஓரா-00838 வரும், அது ஒரு விதத்தில் நல்லது, குறைந்தது இத்தனை எம்பி வேண்டும் என்று அதுவே எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மேலே வைத்து அந்தப் பிஃபைலைக் காட்டி ஸ்டார்ட்அப் செய்யுங்கள், கிளம்பியதும் ‘கிரியேட் எஸ்பிஃபைல் ஃப்ரம் பிஃபைல்’ கொடுத்து நிலையாக்கிவிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல் செட்டப்பில் கணினி எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வி வரும்: டெவலப்மென்ட், சர்வர், டெடிகேட்டட். ‘நம்மதுதான் சர்வர்’ என்று ஆசையாக மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கிற ராமை எல்லாம் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். பழைய கணினிக்கு டெவலப்மென்ட்தான். அதற்கும் மேல் பிழை வந்தால், சி டிரைவில் புரோகிராம் டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் மைஎஸ்க்யூஎல் போய், டேட்டா ஃபோல்டரில் கணினியின் பெயரோடு இஆர்ஆர் என்று முடியும் ஃபைலைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். ‘கேனாட் அலொகேட் மெமரி ஃபார் தி பஃபர் பூல்’ என்று இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது: பஃபர் பூல் என்பது டேட்டாவைத் தற்காலிகமாக வைக்க மைஎஸ்க்யூஎல் ஒதுக்கும் மெமரி. அதற்கு மேல் ஃபோல்டரில் இருக்கும் ‘மை’ ஐஎன்ஐ ஃபைலில் இன்னோடிபி பஃபர் பூல் சைஸை 32எம் என்று குறையுங்கள். வழக்கமான அளவு 128 எம்பி. சர்வரின் ஓட்டத்தை அளந்து குறித்துவைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவை ஆஃப் என்று போடுங்கள், 5.6 பதிப்பிலிருந்து அது தானாகவே ஆன் ஆகித்தான் வருகிறது, சும்மா உட்கார்ந்து மெமரி தின்னும். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற உச்ச வரம்பு) 151 இருக்கும், தனி ஆள் பயன்படுத்தும் கணினிக்கு 20 தாராளம்.

இந்த ஃபைலைத் திருத்தும்போது நோட்பேடை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறக்க வேண்டும், இல்லையென்றால் சேமிக்காது. சேமிக்கும்போது என்கோடிங் ஏஎன்எஸ்ஐ என்று இருக்கட்டும். பழைய நோட்பேடில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் சேர்ந்துவிடும், மைஎஸ்க்யூஎல் முதல் வரியையே புரிந்துகொள்ளாமல் நின்றுவிடும். மெமரியைச் சரிசெய்துவிட்டு இதில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் நிறைய.

ஸாம்ப் (டேட்டாபேஸையும் வெப் சர்வரையும் ஒன்றாகத் தரும் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸாம்ப்பில் பஃபர் பூல் ஏற்கெனவே 16 எம்பிதான், ஆகவே அங்கே டேட்டாபேஸ் கிளம்பவில்லை என்றால் மெமரியைச் சந்தேகிப்பதற்கு முன் டேட்டாபேஸ் பயன்படுத்தும் 3306 என்ற நெட்வொர்க் போர்ட்டை வேறு எதுவும் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் கதை கொஞ்சம் தலைகீழ். அது எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவான மேக்ஸ் சர்வர் மெமரி வழக்கமாக எல்லையே இல்லாத அளவில் இருக்கும், அதனால் கிளம்பிவிடும், போகப்போகக் கணினி ஊர்ந்து போகும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் 1 ஜிபி அளவில் பஃபருக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் 2 ஜிபி கணினியில் அதுவே அதிகம்தான். 512 எம்பி என்று வரம்பு வைத்தால் சின்னக் கடை பில்லிங்குக்கு நன்றாகவே ஓடும். யாராவது இந்த எண்ணை ரொம்பவும் கீழே இறக்கிவிட்டால் பிழை 701 வரும், உள்ளேயே நுழைய முடியாது, நுழையாமல் எண்ணையும் மாற்ற முடியாது. அப்போது சர்வீஸஸ் பட்டியலில் எஸ்க்யூஎல் சர்வரை நிறுத்தி, ஸ்டார்ட் பாராமீட்டர் பெட்டியில் ஒரு சிறு கோடும் எஃப் என்ற சின்ன எழுத்தும் கொடுத்துக் கிளப்புங்கள். குறைந்தபட்ச அமைப்பில், ஒரே ஒரு ஆள் நுழையும்படி கிளம்பும். பில்லிங் மென்பொருள் திறந்திருந்தால் அந்த ஒரு இடத்தை அது பிடித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் மூடிவிட்டுச் செய்யுங்கள். எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைப் பழைய கணினியில் ஏற்றவே வேண்டாம், டேட்டாபேஸைவிட அதுதான் கனம்; அதே நெட்வொர்க்கில் வேறு நல்ல கணினி இருந்தால் அதிலிருந்து இணைத்துக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரஸில் இந்தத் தொல்லை குறைவு. டேட்டா ஃபோல்டரை உருவாக்கும்போதே எவ்வளவு ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவுக்கு ஒதுக்கும் பொது மெமரி) தாங்கும் என்று தானே சோதித்துப் பார்த்து, 128 எம்பி கிடைக்கவில்லை என்றால் கீழே இறங்கிக்கொள்ளும். விண்டோஸில் ‘எரர் கோடு 487’ என்று ஷேர்டு மெமரியைப் பற்றி வந்தால் ராம் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் ஆன்ட்டிவைரஸின் வேலை. போஸ்ட்கிரஸ் ஃபோல்டரை அதன் கண்காணிப்பிலிருந்து விலக்கிப் பாருங்கள்.

லினக்ஸ் போட்ட பழைய கணினியாக இருந்தால், லாக்கில் ‘எர்னோ 12’ என்று இருக்கும், அல்லது கர்னல் லாக்கில் ‘கில்டு பிராசஸ்’ என்று டேட்டாபேஸின் பெயரோடு ஒரு வரி இருக்கும். 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் (விண்டோஸின் பேஜ் ஃபைல் மாதிரி) உருவாக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். ஆரக்கிள் ஓரா-00845 காட்டினால் டெவ் ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்எச்எம் பகுதி மெமரி டார்கெட்டைவிடச் சின்னதாக இருக்கிறது, அதைப் பெரிதாக்கி ரீமவுன்ட் செய்ய வேண்டும்.

மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன்

பாதியில் நின்ற இன்ஸ்டால் குப்பையை விட்டுவிட்டுத்தான் போகும். மைஎஸ்க்யூஎல்லை அன்இன்ஸ்டால் செய்தாலும் புரோகிராம் டேட்டாவில் உள்ள ஃபோல்டர் அப்படியே இருக்கும். அடுத்த இன்ஸ்டால் அதே பழைய டேட்டாவையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு அதே இடத்தில் விழும். டேட்டா தேவை என்றால் வேறு இடத்துக்கு காப்பி செய்துவிட்டு அந்த ஃபோல்டரை அழியுங்கள். சர்வீஸஸ் பட்டியலில் பழைய பெயர் கிடந்தால் அட்மின் கமாண்ட் விண்டோவில் எஸ்சி டெலீட் கட்டளையோடு சர்வீஸின் பெயரைக் கொடுத்து நீக்குங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால்

ஒரு முறை 34 சதவீதத்தில், அடுத்த முறை 71-இல், ஒரு தடவை மெமரி என்றும் இன்னொரு தடவை கேப் ஃபைல் (செட்டப்போடு வரும் சுருக்கிய ஃபைல்) கெட்டிருக்கிறது என்றும் சொன்னால், இப்போதுதான் ராம் ஸ்டிக்கைச் சந்தேகிக்க வேண்டும். டவுன்லோட் செய்த ஃபைல் சரியானதுதானா என்று வேறு கணினியில் ஒரு முறை விரித்துப் பார்த்துவிடுங்கள், அது கெட்டிருந்தாலும் இப்படி வரும். விஸ்டா, 7 என்றால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் உள்ளேயே இருக்கிறது, ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். எக்ஸ்பி என்றால் மெம்டெஸ்ட்86+ சிடி போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ஏதோ கோளாறு உண்டு. உடனே குப்பையில் போட்டுவிட வேண்டாம்: பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறக் கால்களை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். தூசி படிந்த கணினிகளில் பாதிச் சிக்கல் இதிலேயே தீரும். இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் பழைய ஸ்டிக்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், டிடிஆர்2 பலகையில் டிடிஆர்3 உட்காராது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும்.

எந்தப் பதிப்பு?

புதிதாக வந்ததைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. எஸ்க்யூஎல் சர்வர் 2016 முதல் 64 பிட் மட்டும்தான். 32 பிட் விண்டோஸ் என்றால் 2014 எக்ஸ்பிரஸ்தான் கடைசி. மைஎஸ்க்யூஎல் 8.0-உம் விண்டோஸில் 64 பிட்தான், 32 பிட்டுக்கு 5.7 வரை. போஸ்ட்கிரஸின் 32 பிட் விண்டோஸ் செட்டப் 10-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆரக்கிளில் 2 ஜிபி கணினிக்கு 11ஜி எக்ஸ்பிரஸ் பரவாயில்லை. 512 எம்பி எக்ஸ்பி கணினி என்றால் 10ஜி எக்ஸ்பிரஸ், அது குறைந்தது 256 எம்பியில் இன்ஸ்டால் ஆகும், 512 இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். இவற்றுக்கெல்லாம் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது (எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்கு 2024 ஜூலையோடு முடிந்தது), ஆகவே அந்தக் கணினியை இன்டர்நெட்டில் திறந்துவைக்காதீர்கள், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

காலேஜ் லேபுக்காக செலக்ட், ஜாயின், குரூப் பை பழக மட்டும்தான் என்றால் இத்தனை பாடே வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸின் ஃபைல் ஒன்றை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டால் முடிந்தது: சர்வீஸ் கிடையாது, செட்டப் கிடையாது, 512 எம்பி கணினியிலும் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஆரக்கிளுக்கே உரிய பிஎல்/எஸ்க்யூஎல் மொழி பாடத்தில் வருகிறது என்றால் மட்டும் ஆரக்கிள் பக்கம் போங்கள்.